ரைட்டர் மாமாவைக் குடும்ப மரத்திலிருந்து வெட்டிய கதை

1

இன்றோடு மூன்று நாளாக நான் காப்பி குடிக்கவில்லை. நான் பிறந்தது ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கிளியூரில், காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். பிழைக்க வந்து சேர்ந்ததோ ஸ்வீடன். இங்கே கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை காப்பி குடிக்கிறார்கள். இந்த இரண்டு ஊருக்கும் பொதுவான ஆளான எனக்கு வருடத்துக்கு ஒரு முறை மூன்று நாள் விரதம். காப்பி கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி, அன்னாசி, சாக்லேட் எதுவும் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள்கூட வாழைப்பழம் சாப்பிடலாம். நான் மாலை போட்டிருப்பது மூன்று லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றுக்கு.

எனக்குப் பரம்பரையாக வருகிற ஒரு வகைக் கட்டி நோய் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. ஏழு வருடமாக நான் அதில் ஓர் ஆள். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு நாள் முழுக்க வெளியேறும் சிறுநீரைச் சொட்டு விடாமல் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேனைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது விதி. "என் ஃப்ரிட்ஜுக்குள்ள அது வந்துச்சுன்னா நான் குப்பனூருக்குப் போயிருவேன்" என்று என் மனைவி கோகிலா முதல் வருடமே சொல்லிவிட்டாள். குப்பனூர் எங்கள் மலையின் அடிவாரம், அவள் பிறந்த ஊர். அதனால் கேன் பால்கனியில் பனியோடு பனியாக நிற்கும்.

மறுநாள் காலை அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். கோகிலாவின் சித்தி மகள் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை அது. மணமக்கள் பெயரும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' இரு வீட்டார் பெயரும் பெரிதாக அச்சடித்திருக்கும். ஏழு வருடமாக அந்தத் தம்பதி எதைச் சுமக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

2

என் கணையத்தில் இருக்கும் கட்டி சுண்டைக்காய் அளவு. ஆனால் அதன் பெயர் ஒரு முழம்: நியூரோஎண்டோகிரைன் கட்டி. ஹார்மோன் சுரக்கிற செல்களில் முளைப்பது. பெரும்பாலும் மெதுவாக வளரும், ஆனால் வேண்டாத சுரப்பையெல்லாம் சுரந்து தள்ளும். என் விஷயத்தில் வயிற்றில் அமிலத்தைக் கூட்டும். கழுத்தில் இருக்கிற, நெல்மணி அளவுகூட இல்லாத நான்கு சுரப்பிகளும் சேர்ந்து கெட்டுப்போய் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றும். அது சிறுநீரகத்தில் கல்லாகும். இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு பழுதான மரபணு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு அது அப்பாவிடமிருந்து வந்தது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணும் இருந்தது, கல்லும் இருந்தது. ஒன்றுக்குச் சோடா உப்பு, இன்னொன்றுக்கு வாழைத்தண்டுச் சாறு. ஊரில் எல்லோரும் அவர் குடிக்கிறார் என்றார்கள். அவர் வாழ்க்கையில் சோடாவைத் தவிர எதையும் குடித்ததில்லை. நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனார். என்ன நோய் என்றே தெரியாமல் போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. அவளுக்குச் சின்ன வயதிலேயே பரிசோதித்தாகிவிட்டது. அந்த மரபணு வரவில்லை. அன்றைக்கு அவள் மிகுந்த மகிழ்ச்சியோடு எங்கள் வீட்டுத் தமிழில் அறிவித்தாள்: "அப்பாகிட்ட இருந்து எனக்கு ஒண்ணுமே வரல." உண்மைதான். காப்பி வேண்டாம், காரம் வேண்டாம், புளிக்குழம்பு வைத்தால் ஜன்னலைத் திறப்பாள். சந்தோஷத்தில் கண் கலங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பாதி பொய்.

3

போன மார்ச்சில் கேனை ஒப்படைத்தபோது ஆராய்ச்சி நர்ஸ் கரின் ஒரு வேலை கொடுத்தாள். குடும்ப மரம் வரைந்து தர வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. இறந்துபோயிருந்தால் குறுக்கே ஒரு சாய்கோடு. யார் யாருக்குக் கல், யார் யாருக்கு வயிற்றுப் புண் என்று எழுத வேண்டும். பிறந்த தேதி கட்டாயம்.

வீட்டுக்கு வந்து யாழினியோடு உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் வரைந்தாள். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. நான் வேலை செய்யும் பஸ் டிப்போவில் யாருக்கும் ஏழெட்டுப் பேருக்கு மேல் உறவு கிடையாது, அதிலும் பாதிப் பேரோடு பேச்சு இல்லை.

மரத்தின் நட்சத்திரம் ரைட்டர் மாமா. எஸ்டேட்டில் ஆட்களின் பேர் எழுதுகிறவரை ரைட்டர் என்போம். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கரின் ஆசையாக, "என்ன புத்தகங்கள் எழுதியிருக்கிறார்?" என்று கேட்டாள். வருகைப் பதிவேடு என்றேன். மாமாவுக்கு ஒரு முறை கல் தானாக வெளியே வந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாத்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அடுத்து தீப்பெட்டியைத்தான் திறப்பார். அவரையும் கறுப்பாக்கினோம்.

கரினுக்கும் அவள் டாக்டருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா வழியிலும் நோய், அம்மாவின் அண்ணனுக்கும் கல். இப்படி ஒரு குடும்பம் எந்த ஆராய்ச்சிக்கும் கிடைத்ததில்லை என்றார் டாக்டர். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

பிறகு கரின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "இதில் பத்தொன்பது பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்கள். இதுவும் பரம்பரையா?"

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார் என்று விளக்கினேன். என் அக்கா ராஜாமணிக்கு மட்டும் மூன்று தேதி. ரேஷன் கார்டில் ஒன்று, ஓட்டர் கார்டில் ஒன்று, எஸ்டேட் ரிஜிஸ்டரில் ஒன்று. கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் வாங்கும் என்றாள் கரின். வயது குறைவாக இருப்பதைப் போடச் சொன்னேன். அக்கா கேட்டால் சந்தோஷப்படுவாள்.

"சரி, இந்த ரைட்டர் உன் அம்மாவோடு பிறந்தவர்தானே?" என்று கரின் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அந்தக் கேள்வி எனக்குள் வந்தது.

4

அக்கா கிளியூரில் இருக்கிறாள். எங்களுக்குக் காலை என்றால் அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். போன் போட்டேன்.

"அக்கா, ரைட்டர் மாமா நமக்கு எப்படிங்க மாமா?"

"இதென்னடா சாமி கேள்வி. மாமான்னா மாமாதான்."

"அம்மா கூடப் பொறந்தவருங்களா?"

"அம்மா கூடப் பொறந்தது பெரியம்மா ஒருத்திதான."

"அப்பறம் எப்படி மாமா ஆனாரு?"

"அம்மா அவர அண்ணான்னு கூப்புட்டாங்க. அம்மாவுக்கு அண்ணன்னா நமக்கு மாமாதான."

"அம்மா எதுக்கு அண்ணான்னு கூப்புட்டாங்க?"

அக்கா சாப்பிடுவதை நிறுத்தி யோசித்தாள். "பின்ன, ரைட்டர பேரச் சொல்லியா கூப்புடுவாங்க?"

அவ்வளவுதான். ஒரு நூலைப் பிடித்து இழுத்ததும் மரமே ஆட்டம் கண்டது. பேக்கரி சித்தப்பா, பம்ப் ஹவுஸ் பெரியப்பா, குப்பனூர் வழியில் பஸ் நிற்கும்போது பலாச்சுளை கொடுக்கிற அத்தை, ஒருவரும் ரத்த உறவு இல்லை. எல்லாம் முறை. எங்கள் மலையில் நாலு நாள் பக்கத்துப் பக்கத்தில் காப்பிப் பழம் பறித்தால் ஐந்தாம் நாள் ஒரு முறை வந்துவிடும். மழைக்கு முன்னால் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்களே, அப்படி யாழினி ஒவ்வொரு கிளையாக வெட்டினாள். நாற்பத்தொன்று பதின்மூன்றானது. டாக்டரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மிஞ்சிய பதின்மூன்று பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் கரின் விடாமல் கேட்டாள். அக்கா. இரண்டு முறை கல், பல வருட வயிற்று வலி, இப்போது மாடிப்படி ஏறினால் அசதி. பரிசோதிக்கவில்லை. "இவரை உடனே பார்க்க வேண்டும். உன் அப்பாவுக்கு நடந்தது இவருக்கு நடக்கக் கூடாது" என்றாள். அதைத்தான் நான் ஏழு வருடமாக அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "சுமதிக்கு வரன் பாக்கறோம் கண்ணு. பரம்பர வியாதின்னு ஒரு பேப்பர் ஊட்டுல இருந்தா எவன் வருவான்? அவ கல்யாணம் முடியட்டும்."

சுமதி அக்காவின் ஒரே மகள். நான் வருடா வருடம் பயந்துகொண்டிருந்தேன். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வயிறு யாருக்காகவும் காத்திருக்காது.

5

சுமதி ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். தன் அம்மா எத்தனை பாட்டில் அமில மருந்து குடிக்கிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும், அவள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மரம் வெட்டிய கூத்தை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"மாமா, நெசமாலுமே ரைட்டர் தாத்தா நமக்குச் சொந்தம் இல்லீங்களா?"

"ஒரு துளி ரத்தம்கூட இல்ல கண்ணு."

"அந்தப் பேப்பர எனக்கு அனுப்பறீங்களா?"

"உனக்கு எதுக்கு அது?"

மெதுவாக, "பிரகாஷுக்கு" என்றாள்.

பிரகாஷ் ரைட்டர் மாமாவின் பேரன். ஏற்காட்டுக்கும் குப்பனூருக்கும் மினி பஸ் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பிரியம். வேறு எந்தத் தடையும் இல்லை, முறைதான் உதைத்தது. ரைட்டர் அக்காவுக்கு மாமா. மாமாவின் மகன் அக்காவுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. அந்த மகனின் மகன் என்றால் அக்காவுக்கு மகன் முறை, சுமதிக்கு அண்ணன் முறை. "மொற தப்புன்னு அம்மா அழுவுது. தாத்தா எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. வர்ற வரனையெல்லாம் நான்தானுங்க தட்டிக் கழிக்கறேன்" என்றாள் சுமதி.

ஆக, அக்காவின் பரிசோதனை நின்றது சுமதியின் கல்யாணத்தால். சுமதியின் கல்யாணம் நின்றது எங்கள் அம்மா என்றைக்கோ மரியாதைக்குக் கூப்பிட்ட ஓர் 'அண்ணா'வால். நான் பேப்பரை அனுப்பினேன். கட்டியை ஆராயப் போட்ட படம் என்று மேலே ஸ்வீடிஷில் எழுதியிருந்தது. யாருக்கும் புரியாது என்று தைரியம்.

6

இரண்டாம் நாளே வீடியோ கால் வந்தது. பிரகாஷ் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, எண்பது தாண்டிய ரைட்டர் மாமா மூக்கு மட்டும் தெரியும்படி வந்தார்.

"ஏனப்பா முருகேசு, என்னையக் கெளையோட வெட்டிப் போட்டயாமா?"

"அப்படி இல்லீங்க மாமா."

"மாமான்னு கூப்புடாத. அதான் பேப்பர்ல இல்லீன்னு போட்டுட்டயே. உங்கப்பன் ரத்தமா கக்குன அன்னிக்கு எஸ்டேட் ஜீப்ப எடுத்துக்கிட்டு இருவது கொண்டை ஊசி வளைவும் எறங்கிச் சேலம் கொண்டு போனது யாரு? உன்ற பேப்பர்ல இருக்கறவங்களா?"

அவர் மடியில்தான் அப்பா இறந்தார். அதைப் போடுவதற்குக் கரினின் படத்தில் எந்தக் குறியும் இல்லை.

பிறகு எனக்கு என்ன நோய், எதற்காக இந்த மரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு அசையாமல் கேட்டது.

"அப்ப உங்கப்பன் குடிச்சுச் சாவல?"

"இல்லீங்க மாமா."

"நான் அன்னிக்கே சொன்னேன். ஒருத்தனும் நம்புல." மூக்கு போனுக்கு இன்னும் நெருங்கி வந்தது. "ராசாமணிக்கும் அதேதானா?"

"பாதிக்குப் பாதிங்க. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். சுமதி கல்யாணம் ஆகாம பாக்க மாட்டேங்கறாங்க."

போன் கொஞ்ச நேரம் வீட்டுக் கூரையைக் காட்டியது. மறுபடி மூக்கு வந்தது.

"சரி. எழுதிக்க. நான் உங்களுக்கு மாமன் இல்ல. எவன் கேட்டாலும் சொல்றேன். ஆனா ராசாமணி மொதல்ல ரத்தம் குடுக்கோணும். ரிப்போட்டு என்ற கைக்கு வந்தப்பறந்தான் பொண்ணு பாக்க வருவோம். அப்பறம் இன்னொண்ணு. கல்யாணம் முடியற வரைக்குந்தான் நான் மாமன் இல்ல. மறுநாளே நான் மறுபடி மாமன்தான், சொல்லிப்போட்டேன்."

"சரிங்க மாமா."

"இன்னும் முடியல. என்ற கல்லு ஒண்ணு இருக்குது. அது உங்க ஆராய்ச்சிக்கு வேணுமா?"

7

நோய் ரிப்போர்ட்டைத் தட்டில் வைத்துக் கேட்ட முதல் மாப்பிள்ளை வீடு உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். அக்காவுக்கு அதற்குமேல் சொல்ல ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

ரத்தத்தை நாடு விட்டு நாடு அனுப்ப ஆயிரத்தெட்டு அனுமதி வேண்டும் என்பதால், சேலத்திலேயே பரிசோதித்து முடிவை மட்டும் அனுப்புவது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் அக்கா ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சுமதி அதை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். 'நீங்கள் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், இதிலிருந்து விலகிக்கொள்ளலாம்' என்ற வரி வந்ததும் அக்கா மறுபடி படிக்கச் சொன்னாளாம். என்னிடம் போனில், "இந்த மாதிரி ஒரு தாள உன்ற மச்சானக் கட்டும்போது குடுத்திருந்தா நொம்ப உபயோகமா இருந்திருக்கும்" என்றாள். பின்னால் மச்சான் இருமுவது கேட்டது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அக்காவுக்கு அந்த மரபணு இருந்தது. வயிற்றில் ஆறாத புண் ஒன்று, இன்னும் கொஞ்ச நாளில் ரத்தம் கசியத் தொடங்கியிருக்கும் என்றார் சேலத்து டாக்டர். நான் டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்தபடி இதைக் கேட்டேன். படுத்தபடியே அழுதேன். வெளியே வந்தபோது கண்ணில் ஆயில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். முதலுதவிப் பயிற்சி பெற்ற இரண்டு பேர் ஓடி வந்து கால் மணி நேரம் என் கண்ணைக் கழுவினார்கள். விபத்துப் படிவமும் நிரப்பினார்கள்.

அக்காவுக்குக் கழுத்துச் சுரப்பிகளில் ஆபரேஷன் நடந்தது, அமிலத்துக்குச் சரியான மாத்திரை கிடைத்தது. சுமதி தனக்கும் நோய் வர இருக்கிற வாய்ப்பைப் பற்றிப் பிரகாஷிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவன், "பஸ்ஸுக்கே வருசா வருசம் பிட்னஸ் பாத்து எஃப்.சி. காட்டறோம். உனக்கும் காட்டிக்கலாம்" என்றானாம். அவள் இன்னும் பரிசோதிக்கவில்லை. அது அவள் முடிவு. மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர் முதல் பால்காரர் வரை அவளுக்குப் புத்தி சொல்ல ஆள் இருக்கிறது, நானும் எதற்கு.

தை மாதம் கல்யாணம். யாழினியும் வந்தாள். ரைட்டர் மாமா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தீப்பெட்டியைத் திறந்தார். அவள் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த வகைக் கல்லு தாத்தா?" என்று கேட்டாள். அவர் பல வருடமாகக் காத்திருந்த கேள்வி அது. ஒரு மணி நேரம் அவளை விடவில்லை.

8

இன்று காலை மஞ்சள் பையோடு பஸ் ஏறினேன். கேனை வாங்கிக்கொண்டு கரின் கம்ப்யூட்டரில் மரத்தைத் திறந்தாள். மாற்றங்கள் உண்டா என்று கேட்டாள்.

உண்டு என்றேன். சுமதியின் வட்டத்துக்குப் பக்கத்தில் பிரகாஷுக்கு ஒரு சதுரம் வந்தது. அதற்கு மேலே அவன் அப்பா. அதற்கும் மேலே இன்னொரு சதுரம் போடச் சொன்னேன்.

"இவரைப் போன வருடம்தானே வெட்டினோம்?" என்றாள்.

"மறுபடி முளைத்துவிட்டார்."

"மரபணு ஆராய்ச்சிக்கு இவர் தேவையில்லை."

"தெரியும். போடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மரத்தை அச்சடித்திருந்த தாளில் பென்சிலால் போட்டாள். போன வருடம் தவறாக உள்ளே இருந்தவர், இந்த வருடம் முறைப்படி ஓரத்தில் உட்கார்ந்தார்.

பிறகு அக்காவின் வட்டத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் அதை முழுக்கக் கறுப்பாக்கினாள். மேலே அப்பாவின் கறுப்புச் சதுரம், கீழே நான், பக்கத்தில் அக்கா. மூன்றும் ஒரே கறுப்பு. அப்பாவின் சதுரத்துக்குக் குறுக்கே மட்டும் அந்தச் சாய்கோடு.

கரினின் விரல் அக்காவின் வட்டத்தின்மேல் நின்றது. கம்ப்யூட்டர் அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டது. உயிரோடு இருக்கிறாரா?

என் போன் அடித்தது. அக்கா. எடுத்தேன்.

"ஏஞ்சாமி, அந்த வேலையெல்லாம் முடிஞ்சுதா? போயி ஒரு வாய் காப்பி குடி."

"இருக்கிறார்" என்று கரினிடம் சொன்னேன். அவள் 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டு, எனக்குக் காப்பி எடுத்துவரப் போனாள்.